கூடையை இறக்கிய பிறகும்

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர் போனால் மாட்டுப்பட்டி. அணை பார்க்க வருகிறவர்கள் தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நாளெல்லாம் நின்று, குனிந்து, ஈரக் கொழுந்தைச் சுமந்து மேடேறி நிறுவைக்குப் போகிற வேலை. சுமையை இறக்கி வைத்த பிறகும் இடுப்புவலி இறங்காது. எக்ஸ்ரே எடுத்தால், பல நேரம் பெரிதாக எதுவும் தெரியாது.

படத்தில் தெரியாததால் அந்த வலி பொய்யாகிவிடுமா? மூன்று மாதத்தைத் தாண்டி நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அடுப்பில் கை சுட்டால் வரும் வலி, புண் ஆறியதும் போய்விடும். நாள்பட்ட வலியில் புண் ஆறியிருக்கலாம். ஆனால் ஒரே சேதியை ஓயாமல் கடத்திய தண்டுவட நரம்பணுக்கள், லேசான தொடுதலுக்கே துள்ளும் அளவுக்குக் கூர்மையாகிவிடுகின்றன. உடல் வலிக்கப் பழகிவிடுகிறது.

முழங்கால் இடித்துக்கொண்டால் நாமே அறியாமல் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அது ஏன்? 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் போன்ற அமைப்பு இருக்கிறது. தேய்க்கும் உணர்வு உள்ளே நுழைந்து வலிக்கு வாசலைக் கொஞ்சம் சாத்துகிறது. நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. இன்னொன்றுதான் எனக்குப் பெரிய வியப்பு: மூளையும் மேலிருந்து அந்த வாசலைத் திறக்கிறது, மூடுகிறது. பயமும் தூக்கமின்மையும் தனிமையும் வலியைக் கூட்டுவது அதனால்தான்.

தீராத வலியை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்களே, அந்த ஏற்பு என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வலியோடு மல்லுக்கட்டியே தீரும் பலத்தில் கொஞ்சத்தை மீட்டு, பேத்திக்குச் சடை பின்னுவதற்கும் கோயில்வரை நடப்பதற்கும் கொடுப்பது ஏற்பு. அப்படிப் பழக்கும் உளச்சிகிச்சையில் வலியின் அளவு அவ்வளவாகக் குறையாமல் போகலாம். ஆனால் அன்றாட நடமாட்டமும் மனநிலையும் தேறுகின்றன.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1960களில் 'முழுவலி' என்றொரு கருத்தை வைத்தார். உடல், மனம், குடும்பம், வாழ்வின் பொருள் நான்கும் சேர்ந்து நோவதே வலி என்றார். அந்த எண்ணம் கேரளத்தில் நன்றாக வேர்விட்டது. 1993இல் கோழிக்கோட்டில் வலிநிவாரண சங்கம் தொடங்கியது. 2008இல் மாநில அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் வழியே செவிலியர் வீடு தேடி வரும் ஏற்பாடு வளர்ந்தது.

வலியை ஏற்பவர் அதன் காரணத்தையும் ஏற்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, மூணாறு வீதியில் நாள்கணக்கில் உட்கார்ந்து 20 சதவீத போனஸைப் போராடி வாங்கியவர்கள் இதே தோட்டத்துப் பெண்கள்தான்.

உங்கள் வீட்டிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் ஓர் அம்மா இருக்கக்கூடும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையேம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலியால் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். அதில் ஒன்றையாவது மறுபடி செய்யக் கைகொடுங்கள்.