நெல் தின்ற செம்மறி

சம்பா அறுவடை முடிந்ததும் நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள வயல்களில் செம்மறிக் கிடைகள் தோன்றும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டி வருவார்கள். பகலில் ஆடுகள் அறுத்த வயல்களிலும் வரப்புகளிலும் மேயும். இரவில் வயலிலேயே கிடை மறிக்கப்படும். புழுக்கை நிலத்துக்கு எரு. நிலக்காரர் தரும் கூலி கீதாரிக்கு வருவாய். இருவருக்கும் நன்மை தரும் இவ்வேற்பாட்டில் ஓர் அபாயம் உண்டு. களத்திலோ, கொள்முதல் நிலையத்தின் வெளியிலோ குவித்திருக்கும் நெல்லில் சில ஆடுகள் புகுந்து வயிறாரத் தின்றுவிட்டால், மறுநாளோ மூன்றாம் நாளோ அவற்றுள் சில மாண்டு கிடக்கும். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சும், அதனால் விளையும் பூசலும் நான் பலமுறை கேட்டவை.

நஞ்சு யாரும் வைக்கவில்லை. ஆனால் நஞ்சு உண்டாவது உண்மை. வைக்கோலைத் தின்று உயிர்வாழும் விலங்கு, அதைவிடச் சத்து மிகுந்த நெல்லைத் தின்று மாள்வானேன் என்பதை மாணவ நண்பர்களுக்கு இன்று விளக்க விரும்புகிறேன்.

ஆட்டுக்கு எத்தனை வயிறு என்று வகுப்பில் கேட்டால் ‘நான்கு’ என்று ஒரே குரலில் விடை வரும். நான்கு அறைகள் கொண்ட ஒரே வயிறு என்பதே சரி. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அறைக்கு ரூமென் என்று பெயர். ஆடு அரைகுறையாக மென்று விழுங்கிய புல் அங்கே ஊறுகிறது. பிறகு கவளம் கவளமாக வாய்க்கு மீண்டு அசைபோடப்படுகிறது. இந்த அறையின் சுவரில் செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. புல்லின் நாரைச் சிதைக்கும் ஆற்றல் ஆட்டின் உடலுக்கே கிடையாது. அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்களே.

ரூமெனிலிருந்து ஒரு மில்லிலிட்டர் நீரை எடுத்தால் அதில் ஏறத்தாழ 1,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பருமனான புரோட்டோசோவாக்களும் இலட்சக்கணக்கில் நீந்தும். இவற்றை 1843இல் குரூபி, டெலாபோன் என்ற இருவர் பிரான்சில் கண்டறிந்தனர். காற்றில்லாத, 39 டிகிரி வெப்பமுள்ள அவ்விருட்டறையில் இவை நாரை நொதிக்கவைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்ற மூன்று அமிலங்களை ஆக்குகின்றன. அம்மூன்றும் ரூமெனின் சுவர் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. இதை 1944இல் கேம்பிரிட்ஜில் பார்கிராப்டும் அவருடைய தோழர்களும் செம்மறிகளைக் கொண்டு நிறுவினர். ஆட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும் பங்கு இவ்வமிலங்களிலிருந்தே வருகிறது. ஆகவே, ஆட்டுக்கு நாம் தீனி போடுகிறோம் என்பது பாதி உண்மைதான். முதற்பந்தி நுண்ணுயிர்களுக்கு, ஆட்டுக்கு அடுத்த பந்தி.

இனி லாக்டிக் அமிலத்துக்கு வருவோம். தயிரின் புளிப்பும், இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் புளித்திருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ரூமெனிலும் சில பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஆயினும் நலமாயுள்ள ஆட்டின் ரூமென் நீரைச் சோதித்தால் இவ்வமிலம் மிகச் சிறிதளவே தென்படும். உண்டாகாததால் அன்று, உண்டானவுடன் வேறு பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடுவதால். நம் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணாற்றில் வரும் நீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து போகிறது. வருகிற அளவுக்கு வெளியே போகும்வரை தலைப்பில் நீர்மட்டம் ஏறாது. ரூமெனில் லாக்டிக் அமிலத்தின் மட்டமும் அத்தகையதே.

ஆடு நெற்குவியலில் வாய்வைக்கும்போது இந்தக் கணக்கு கெடுகிறது. வைக்கோலின் நார் மெல்லச் சிதைவது. அரிசியின் மாவோ விரைவில் நொதிப்பது. ஸ்டிரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா இத்தருணத்துக்குக் காத்திருந்தாற்போலப் பெருகும். உணவு மிகுந்தால் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியவல்லது. தடையே இல்லாவிட்டால், 8 மணி நேரத்தில் ஒன்று எத்தனையாகும்? 24 தடவை இரட்டித்துப் பாருங்கள். 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டும். லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

மேலும், லாக்டிக் அமிலம் முன்சொன்ன மூன்று அமிலங்களைவிடச் சுமார் பத்து மடங்கு வலியது. சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும் பி.எச். எண் 5க்கும் கீழே இறங்குகிறது. நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஒடுங்குகின்றன. மாவுமணிகளை விழுங்கி நொதித்தலைத் தாமதப்படுத்திவந்த புரோட்டோசோவாக்கள் மடிகின்றன. புளிப்பையே விரும்பும் லாக்டோபாசில்லஸ் இனங்கள் மட்டும் தழைத்து மேலும் அமிலத்தைச் சொரிகின்றன. அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு ஆட்டின் உமிழ்நீரில் உண்டு. ஆனால் நெல்லுக்கு நெடுநேரம் அசைபோடத் தேவையில்லையாதலால் உமிழ்நீரும் குறைந்துவிடுகிறது.

ரூமெனில் கரைபொருள் மிகுவதால், உடலிலுள்ள நீர் இரத்தத்திலிருந்து அதற்குள் இழுக்கப்படுகிறது. வயிறு நீர் கோத்துக் கனக்க, உடல் வறள்கிறது. அசைபோடுதல் நிற்கிறது, புளித்த நாற்றத்துடன் கழிச்சல் காண்கிறது, ஆடு தள்ளாடிப் படுத்துவிடுகிறது. லாக்டிக் அமிலம், நம் இடக்கை வலக்கை போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலான இரு வடிவங்களில் உண்டாகிறது. அவற்றுள் ‘டி’ வடிவத்தை ஆட்டின் உடல் மெதுவாகவே அழிக்க வல்லது. அது இரத்தத்தில் தேங்க, இரத்தமே அமிலப் பக்கம் சாய்கிறது. நஞ்சு என்று ஊரார் ஐயுற்றது இதுதான்.

திடீரென்று தானியம் தின்ற மாடுகளிலும் ஆடுகளிலும் நிகழும் இம்மாற்றங்களை, அமெரிக்காவில் ஹங்கேட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1952இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் எல்ஸ்டனும் லூயிசும், செம்மறியின் ரூமெனிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பெரிய உருண்டைப் பாக்டீரியாவைப் பற்றி எழுதினர். லாக்டிக் அமிலத்தையே உணவாகக் கொண்டு, அதைப் புரோப்பியானிக் முதலிய, ஆட்டுக்குப் பயன்படும் அமிலங்களாக மாற்றுவது அது. எல்ஸ்டன் பெயராலேயே அது இன்று மெகாஸ்பேரா எல்ஸ்டெனி எனப்படுகிறது. அதன் ஒரு வகையை வளர்த்து, தானியத் தீனிக்கு மாறும் கால்நடைகளுக்குப் புகட்டும் வழக்கமும் தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் வந்துள்ளது.

ஆடு தானியமே தின்னலாகாது என்பதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரங்களில் பழக்கினால், அமிலம் தின்னும் பாக்டீரியாக்களும் உடன் பெருகிக்கொள்ளும். ஒரே இரவில் தின்பதுதான் கேடு. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் தவலை தவலையாகச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டப்பெறும் பசுவுக்கும் இதே கதிதான். மறுநாள் அது கால்நடை மருத்துவரிடம் போக நேர்வதுண்டு.

நெல் தின்ற ஆட்டை விரைந்து மருத்துவரிடம் காட்டினால் பிழைக்க வழியுண்டு. அமிலத்தை முறிக்கச் சோடா உப்பும், இழந்த நீரை ஈடுசெய்ய நரம்பு வழியே மருந்து நீரும் செலுத்துவார்கள். நிலை முற்றியிருந்தால் ரூமெனைத் திறந்து நெல்லை அள்ளுவதும் உண்டு. அதன்பின் அவ்வறை ஏறக்குறையக் குடியற்றுக் கிடக்கும். அப்போது நலமாயுள்ள வேறோர் ஆட்டின் ரூமென் நீரை எடுத்து, துணியில் வடிகட்டி, நோயுற்ற ஆட்டுக்குப் புகட்டுவர். நீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், தாமதமும் கூடாது. அதிலுள்ள உயிர்களுள் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் இறந்துவிடும்.