தசைக் களைப்பும் இயக்க அலகுகளின் ஒழுங்கும்

களைப்பை உள்ளவுறுதியின் குறைவாகவும் சோம்பலாகவும் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிறர் உழைப்பை மேற்பார்வை செய்வோரிடம் அது இன்றும் வலுவுடன் வாழ்கின்றது. உடற்றொழிலியல் காட்டும் உண்மையோ வேறு.

முண்ணாணிலிருந்து புறப்படும் இயக்க நரம்புக்கலம் ஒன்றும் அது இயக்கும் தசைநார்கள் அனைத்தும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. இக்கருத்தை 1925 இல் லிடெலும் செரிங்டனும் முன்வைத்தனர். விசையைக் கூட்டுவதற்கு நரம்புத்தொகுதிக்கு இரு வழிகள் உள. ஒன்று, மேலும் பல அலகுகளை ஈடுபடுத்தல். மற்றையது, ஈடுபட்ட அலகுகளின் கணத்தாக்க மீடிறனை உயர்த்துதல். சிறிய அலகுகள் முதலிலும் பெரியவை பின்னரும் ஈடுபடுகின்றன என்பதை எல்வுட் ஹெனிமனின் ஆய்வுகள் நிறுவின.

மிதமான சுமையொன்றை நெடுநேரம் ஏந்தி நிற்பவரை நோக்குவோம். வெளியே விசை மாறவில்லை. உள்ளே ஒழுங்கு மாறிக்கொண்டேயிருக்கின்றது. முதலில் ஈடுபட்ட நார்களின் விசை தளர, அதுவரை ஓய்ந்திருந்த பெரிய அலகுகள் அழைக்கப்படுகின்றன. இவை விரைவிற் களைப்பவை. அலகுகள் தத்தம் நேரத்தில் மாறிமாறித் தொழிற்படுவதாலேயே இழுவை சீராக அமைகின்றது. களைப்பு மிகும்போது அவை ஒருங்கே தொழிற்படும் போக்குக் கூடுகின்றது. கை நடுங்கத் தொடங்குகின்றது.

முழுவலிமையுடன் இழுக்கும்போது நிகழ்வது வியப்பானது. அங்கே மீடிறன் உயராது, வீழ்கின்றது. பிறெண்டா பிக்லன்ட்-றிச்சியும் துணைவரும் 1983 இல் வெளியிட்ட அளவீடுகளில், பெருவிரலை உள்ளிழுக்கும் தசையின் அலகுகள் செக்கனுக்கு ஏறத்தாழ 30 கணத்தாக்கங்களிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் 15 அளவுக்கு இறங்கின. 1986 இல் அவர்கள், இழுத்து முடித்த தசைக்குக் குருதி செல்லாது தடுத்துவைத்தனர். ஓய்வு கொடுத்தும் மீடிறன் மீளவில்லை. குருதி பாய்ந்த பின்னரே மீண்டது. தசையின் இரசாயன நிலை உணர்நரம்புகள் வழியே முண்ணாணுக்கு அறிவிக்கப்படுகின்றது என்பதற்கு இது வலிய சான்று. களைப்பின் இருப்பிடம் தசையே என மேர்ட்டன் 1954 இல் கூறியது இதனால் முற்றாக வீழ்ந்துவிடவில்லை. ஆயின் அது பாதியுண்மையே. 1996 இல் கன்டேவியாவும் குழுவினரும் களைத்தவரின் மூளைப்புறணியைக் காந்தத்தாற் றூண்டியபோது மேலதிக விசை வெளிப்பட்டது. முழுமுயற்சி செய்பவரின் மூளையும் அவ்வேளையில் முழுமையாக ஏவுவதில்லை. இதனை மனத்தளர்ச்சி என்று தள்ளிவிடுதல் அறிவியலாகாது.

ஹெனிமனின் ஒழுங்கிற்கு ஒரு சமுதாய விளைவும் உண்டு. முதலில் அழைக்கப்படும் சிறிய அலகுகளே இறுதியில் விடுவிக்கப்படுகின்றன. தையற்பொறியின் முன்னோ தட்டச்சின் முன்னோ நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரின் தோட்டசையில் விசை மிகச் சிறிது. பெரிய அலகுகள் உறங்குகின்றன. சில சிறிய அலகுகள் மட்டும் ஓய்வின்றி உழைத்துச் சிதைகின்றன. சுவீடனைச் சேர்ந்த யோரான் ஹெக் 1991 இல் இதனைச் சின்டரெல்லாக் கருதுகோள் எனப் பெயரிட்டு முன்வைத்தார். முதலில் எழுந்து இறுதியில் உறங்கும் கதைச் சிறுமியின் பெயர் அது. கருதுகோள் முற்றாக நிறுவப்பட்டதென்று கூறவியலாது. எனினும் 1993 இல் வெளியான நோர்வே ஆய்வொன்று, இலேசான பொதியிடல் வேலையிலிருந்த பெண்களின் தோட்டசையை மின்வரைவு மூலம் கண்காணித்தது. பின்னர் நோவுக்கு ஆளானோரின் வரைவுகளில், செக்கனின் ஐந்திலொரு பங்களவேனும் தசை தளர்ந்திருந்த இடைவெளிகள் மற்றையோரினும் குறைவாகவே காணப்பட்டன.