டெக்சாஸில் கரண்ட் போனால்

"பையன் டாலஸில் வீடு வாங்கிவிட்டான். டிசம்பரில் போய் நாலு மாசம் இருந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். அங்கே நம்மூர் மாதிரிதானாம், குளிர் கிளிர் எல்லாம் கிடையாதாம்." இப்படிச் சொல்லிக்கொண்டு விசா வாங்கி வைத்திருக்கும் பெற்றோர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. டாலஸ் வெயில் வேலூர்க்காரருக்குப் புதிதாக எதையும் காட்டிவிடாது. ஆனால் 2021 பிப்ரவரி 16ஆம் தேதி அதே டாலஸின் விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 1949க்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு குளிரைப் பார்த்ததில்லை. அந்தக் குளிரைக் கொண்டுவந்த பனிப்புயலில் டெக்சாஸ் மாநிலத்தில் 246 பேர் இறந்தார்கள் என்பது அந்த மாநில சுகாதாரத் துறையின் கணக்கு. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

அவ்வளவு தெற்கே இருக்கிற ஊருக்கு இந்தக் குளிர் எப்படி வந்தது? நமக்கு வடக்கே இமயமலை குறுக்கே நிற்கிறது. சைபீரியக் காற்று நம் பக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மலைத்தொடர்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை நடுவே வெறும் சமவெளிதான். துருவத்துக் காற்று வழிதவறி இறங்கினால் அதைத் தடுக்க ஆளில்லை, மெக்ஸிகோ வளைகுடா வரை வந்துவிடும்.

குளிர் வந்தது சரி, அமெரிக்காவில் குளிராத ஊரா இருக்கிறது? மினசோட்டாவில் வருடா வருடம் இதைவிட மோசமாகக் குளிர்கிறதே. டெக்சாஸில் ஆட்கள் இறந்ததற்குக் காரணத்தைப் பனியில் தேடக்கூடாது, மின்கம்பியில் தேடவேண்டும்.

டெக்சாஸின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்பு. எர்காட் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. பக்கத்து மாநிலங்களோடு பெயருக்குத்தான் இணைப்பு. அவசரத்துக்குப் பெரிதாகக் கடன் வாங்க முடியாது. அன்றைக்குக் குளிர் ஏற ஏற எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடியது. மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சார ஹீட்டர்தான். அதே நேரத்தில் மின்நிலையங்களின் கருவிகள் உறைந்து நின்றன. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. இதில் ஒரு கூத்து என்னவென்றால், எரிவாயுவை அழுத்தி அனுப்பும் சில நிலையங்களே மின்சாரத்தில் ஓடுகிறவை. மின்வெட்டில் அவற்றின் கரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். வாயு குறைந்தது, அதனால் மின்சாரம் இன்னும் குறைந்தது.

அங்கே மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். டபுள்ஸ் வைத்துக்கொண்டு சைக்கிளில் மேட்டில் ஏறும்போது மிதி கனத்து வேகம் விழுமே, அதுபோல உற்பத்தியைவிடத் தேவை கூடினால் இந்த எண் இறங்கும். பிப்ரவரி 15 அதிகாலை இரண்டு மணிவாக்கில் அது 59.4க்கும் கீழே போனது. அந்த நிலையில் ஒன்பது நிமிடம் நீடித்தால் மின்நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே நின்றுவிடும். மாநிலமே வாரக்கணக்கில் இருண்டிருக்கும். 4 நிமிடம் 37 விநாடி மிச்சம் இருக்கும்போது, ஊர் ஊராக இணைப்பைத் துண்டித்துத் தப்பித்தார்கள்.

சுழற்சி முறை மின்வெட்டு நமக்குப் பழகியதுதான். இரண்டு மணி நேரம் உங்களுக்கு, இரண்டு மணி நேரம் எங்களுக்கு. அங்கே அந்தச் சுழற்சி சுழலவே இல்லை. மருத்துவமனை மாதிரி நிறுத்தக்கூடாத இடங்கள் இருக்கும் லைன்களை விட்டுவிட்டால், மாற்றி மாற்றி அணைப்பதற்கு மீதி லைன்கள் போதவில்லை. ஆகவே ஒரே தெருக்காரர்கள் இரண்டு நாள், மூன்று நாள் இருட்டில் கிடந்தார்கள். எதிர்த்தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பிறகு சட்டம் போட்டு மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இதே எச்சரிக்கை 2011இல் அங்கே அடித்த குளிருக்குப் பிறகும் எழுத்தில் கொடுக்கப்பட்டதுதான் என்பதால், நான் அதை நம்பிச் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன்.

அந்த 246 பேரைப் பிரித்துப் பார்த்தால் 161 பேரைக் கொன்றது குளிர். சாலை விபத்தில் 22 பேர். கார்பன் மோனாக்சைடு வாயுவால் 19 பேர். தீ விபத்தில் 10 பேர். மிச்சம், ஏற்கனவே இருந்த நோய் முற்றியதும் வழுக்கி விழுந்ததும். அதனால், போகிற வீட்டில் கரண்ட் இல்லாமல் மூன்று நாள் எப்படி இருப்பது என்பதுதான் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

"எங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டர்தான், பிரச்சினையில்லை" என்று பையன் சொன்னால் நம்பாதீர்கள். சூட்டை உண்டாக்குவது கேஸ். அந்தச் சூட்டை அறைகளுக்கு ஊதித் தள்ளுகிற விசிறிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் அதுவும் நிற்கும். அப்போது பெரிய வீட்டைச் சூடாக வைக்க முயன்றால் நடக்காது. வெளிச்சுவர் அதிகம் படாத சின்ன அறை ஒன்றில் எல்லோரும் சேர்ந்துவிட வேண்டும். கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னலுக்குப் போர்வை. தரையில் வெறுமனே உட்காராமல் மெத்தையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி உடுப்பு ஈரம்பட்டால் சூட்டைத் தக்கவைக்காது. கம்பளியோ ஃப்ளீஸோ இரண்டு மூன்று அடுக்காகப் போடுவதுதான் சரி. மங்கி கேப்பைப் பார்த்துப் பேரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

வயதானவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. உடம்பு குளிர்ந்துகொண்டே போனாலும் அவர்களுக்கு அது அவ்வளவாக உறைக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்து. பேச்சு குழறுவது, பட்டன் போட விரல் வராதது, காரணமில்லாத தூக்கக் கலக்கம், இவையெல்லாம் அடையாளங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அது மோசமான கட்டம், உடனே 911 என்ற அவசர எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். வண்டி வரும்வரை நெஞ்சையும் கழுத்தையும் சுற்றிப் போர்த்தி முதலில் உடம்பின் நடுப்பகுதியைச் சூடாக்குங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். நினைவு இருந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். நம் சினிமா சொல்லிக்கொடுத்த "குளிருக்கு ஒரு பெக்" மட்டும் கூடவே கூடாது. மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களை விரிக்கும். வெதுவெதுப்பாகத் தெரியும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இனி சொல்வதைத்தான் நம்மவர்கள் மிகவும் கவனிக்கவேண்டும். நம் பழைய வீட்டில் ஓட்டுக்கு இடையே காற்று வரும், வாசலும் கொல்லையும் திறந்தே கிடக்கும். குமுட்டி அடுப்பில் கரி கனன்றாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. அங்கே வீடு சூடு வெளியே போகாதபடி அடைத்துக் கட்டியது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நம் நாளிதழ்களிலும் படித்திருக்கிறோம். டெக்சாஸில் பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு, கராஜில் காரை ஓடவிட்டு அதற்குள் உட்கார்ந்தவர்கள் உண்டு, ஜெனரேட்டரைக் கதவருகே வைத்தவர்கள் உண்டு. எரிகிற எதுவும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். ஜலதோஷக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வெளியே போய்விடுங்கள், குளிராக இருந்தாலும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், கராஜ் கதவைத் தூக்கி வைத்தேன் என்பதெல்லாம் போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில்தான் இருக்கவேண்டும். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துச் சமைத்துக்கொள்ளலாம். குளிர்காய்வதற்காக எரியவிடக் கூடாது. இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்தும் அலாரம் கடைகளில் கிடைக்கிறது. கரண்ட் போனாலும் கத்தும்படி பேட்டரி உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குழாய். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி ஒருபக்கம் அடைத்துக்கொள்ள, மூடிய குழாய்முனை மறுபக்கம் அடைத்துக்கொள்ள, நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி அங்கே வெடிக்கிறது. குழாயை நூல்போல ஒழுகவிடச் சொல்வதன் காரணம் இதுதான்; அழுத்தத்துக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. சுடுதண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறைச் சூடு குழாய்க்குப் போகும். டெக்சாஸில் பல வீடுகளில் குழாய் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரிலும் ஓடுவதால் இந்த ஆபத்து அங்கே அதிகம். எல்லோரும் ஒழுகவிட்டால் ஊர்த் தண்ணீரின் அழுத்தம் விழும் என்பதும் உண்மைதான். 2021இல் ஹியூஸ்டன் நகராட்சி குழாயை ஓடவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்குப் போனது. அப்படி அறிவிப்பு வந்தால் மெயின் வால்வை மூடிவிட்டுக் குழாய்களில் இருப்பதை வடித்துவிட வேண்டும். உடைப்பு தெரிவது பனி உருகும்போதுதான். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் அந்த நேரத்தில் வால்வு எங்கே என்று யூடியூபில் தேடுவது பாவம்.

சமையல் விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே பல வீடுகளில் மின்சார அடுப்பு என்பதால் அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியது கையில் இருக்கட்டும்: அவல், பழம், வேர்க்கடலை, ரொட்டி, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கு. வானிலை அறிவிப்பில் "வாட்ச்" என்றால் புயல் வரக்கூடும், "வார்னிங்" என்றால் வந்துகொண்டிருக்கிறது. வாட்ச் வந்ததுமே கடைக்குப் போய்வந்துவிட வேண்டும். வார்னிங் அன்று பிளாஸ்க்குகளில் வெந்நீர் நிரப்பி, போன்களைச் சார்ஜ் போட்டு, குளியல் தொட்டியில் கழிவறைக்குத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். குடிக்கவும் மற்ற உபயோகத்துக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு. 2021 புயலில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் தடைப்பட்டது அல்லது காய்ச்சாமல் குடிக்கத் தகாததாகிவிட்டது. காய்ச்சவோ கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்கு டார்ச் போதும். மெழுகுவர்த்தியும் அகல்விளக்கும் போர்வைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், போகாதீர்கள். மேலே சூடான காற்றடுக்கில் மழையாக இருப்பது தரையைத் தொட்டதும் கண்ணாடிபோல் உறையும். ஓட்டுபவர் கண்ணுக்கு அது ஈரச் சாலைதான். 2021 பிப்ரவரி 11 காலையில் ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35 டபிள்யூ சாலையில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். பனி பழகிய பஃபலோ நகரிலேயே 2022 கிறிஸ்துமஸ் புயலில் காருக்குள் சிக்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். சைலன்சர் வாயைப் பனி மூடாமல் அவ்வப்போது தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்து உட்கார்ந்திருங்கள்.

இந்த வாரம் பையனோடு பேசும்போது பேரன் பேச்சை முடித்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: அலாரம் மாட்டியிருக்கிறாயா, மெயின் வால்வு எங்கே இருக்கிறது. போய் இறங்கியதும் அந்த வால்வை நீங்களே ஒருமுறை கையால் மூடித் திறந்து பாருங்கள். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான். ஊரிலிருந்து கிளம்பும்போது, புயலில் கடைக்குப் போகமுடியாவிட்டாலும் சமாளிக்க, மாத்திரைகளைத் தங்கும் நாளுக்குமேல் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச்சீட்டில் மருந்தின் வேதிப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நம்மூர் பிராண்டுப் பெயரைச் சொன்னால் அங்கே மருந்துக்கடையில் பெரும்பாலும் யாருக்கும் புரியாது.