அந்தப் பதினொரு லிட்டர் எங்கே போனது?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



போடியிலும் கம்பத்திலும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தெருவுக்கு வந்து பார்த்தவர்களுக்கு ஜீப் சத்தம் புதிதல்ல. தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பழம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். என் அம்மாவும் அப்படிப் போகிறவர்தான். என் அப்பா அந்த ஜீப்பை ஓட்டுகிறவர். வண்டி சொந்தமில்லை, சம்பளத்துக்குத்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "ஆட்டோமொபைல் படிச்சு என்னத்தப் பண்ணப் போற? நானும் முப்பது வருசமா வண்டியிலதான இருக்கேன்" என்று அப்பா கேலி செய்வார். ஆனால் போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சங்கடத்துக்கு வகுப்பில் படித்த ஒரு பாடம்தான் விடை சொன்னது. அதை உங்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

ஒரு வண்டி, இரண்டு டேங்க்

அப்பா ஓட்டுவது பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். டிரைவர் சீட்டுக்கு அடியில் கம்பெனி டேங்க். தோட்டப் பக்கம் பங்க் தூரம் என்பதால், முன்பு வைத்திருந்தவர் பின்னால் தகரத்தில் இன்னொரு டேங்க் வெல்டு வைத்துப் பொருத்தியிருந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு காக். இந்தப் பக்கம் திருப்பினால் முன் டேங்க், அந்தப் பக்கம் திருப்பினால் பின் டேங்க். முன் டேங்க் முள் எப்போதோ செத்துப்போனது. பின் டேங்குக்கு முள்ளே கிடையாது. இரண்டுக்கும் குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பின் டேங்குக்கு முதலாளி தன் கணக்கில் 30 லிட்டர் போடுவார். அது தீர்ந்ததும் முன் டேங்குக்கு மாற்றி, டிரிப் காசில் அப்பா 30 லிட்டர் போடுவார். முதலாளி பார்ப்பது தன் கணக்கை மட்டும்தான்.

அங்கேதான் வினை. பின் டேங்க் 30 லிட்டருக்கு ஓடியது 190 கி.மீ. அதாவது லிட்டருக்கு 6 கி.மீ. சொச்சம். "மத்த வண்டியெல்லாம் பத்து குடுக்குது. 190-க்கு 19 லிட்டர் போதும். மிச்சம் 11 லிட்டர் எங்கப்பா போச்சு?" என்று முதலாளி கேட்டார். சம்பளத்தில் பிடித்தார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "ஒரு சொட்டு எடுத்ததில்லடா" என்று என்னிடம் சொன்னார். பணம் போனதைவிடத் திருடன் என்ற பேர்தான் அவரை அறுத்தது.

முதலில் சந்தேகப்பட்டவை

டீசல் அதிகம் குடிப்பதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

மலை ஏற்றம்: போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஆட்களோடு வண்டி 2,000 கிலோ என்று வையுங்கள். அதை அந்த உயரத்துக்குத் தூக்க 2,000 × 9.8 × 1,000, அதாவது 19.6 மெகா ஜூல் வேலை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல் இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்கு வந்து சேருவது நாலில் ஒரு பங்குதான், 9 மெகா ஜூல். ஆக உயரம் ஏறுவதற்கு மட்டுமே 2 லிட்டருக்கு மேல் தனியாகப் போகும். அதனால்தான் ஏறும்போது மைலேஜ் பாதியாகிறது. இறங்கும்போது கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் வந்தால் பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

ஃபோர் வீல்: நம் ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சகதியில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழியில்லை. டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும், டீசலும் வீணாகும்.

டயர் அளவு: கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைவான கிலோமீட்டரைக் காட்டும்.

வெயில்: டீசல் சூட்டில் விரியும். 40 லிட்டர் டீசல் 15 டிகிரி குளிர்ந்தால் அரை லிட்டர் அளவு குறைந்துபோகும். 11 லிட்டருக்கு இது எந்த மூலைக்கு?

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் இரண்டு டேங்குக்கும் பொதுவானவை! பின் டேங்கில் ஓடும்போதும் வண்டி ஏறி இறங்குகிறது; முன் டேங்கில் ஓடும்போதும் ஏறி இறங்குகிறது. அதே டயர், அதே டிரைவர். அப்படியிருக்க ஒரு டேங்க் மட்டும் எப்படி அதிகம் குடிக்கும்?

அப்பாவின் நோட்டு

அப்பா மூன்றாவது வரைதான் படித்தவர். ஆனாலும் ஒரு பழைய நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்தேன். முன் டேங்க் 30 லிட்டருக்கு 410 கி.மீ.! லிட்டருக்கு பதிமூன்றரைக்கும் மேல். "அது ராசியான டேங்குடா" என்றார் அப்பா. ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டையும் கூட்டினேன். 190-ம் 410-ம் 600 கி.மீ. டீசல் 60 லிட்டர். லிட்டருக்குச் சரியாக 10 கி.மீ. மற்ற ஜீப்புகளைப் போலவே!

வண்டியிலிருந்து டீசல் வெளியே போயிருந்தால் மொத்தக் கணக்கும் இடித்திருக்கும். இடிக்கவில்லை. ஆகவே அந்த 11 லிட்டர் வண்டிக்குள்ளேயேதான் இடம் மாறுகிறது. எப்படி?

ரிட்டர்ன் லைன் என்னும் திரும்பும் குழாய்

டீசல் இன்ஜினில் ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்குக் கொடுக்கும். வருகிற டீசல் முழுவதும் எரிவதில்லை. பம்பின் உட்பாகங்களுக்கு அந்த டீசலே எண்ணெய்போல் வழவழப்பும் குளிர்ச்சியும் தருகிறது. இன்ஜெக்டரிலும் ஊசியின் ஓரமாகக் கொஞ்சம் கசியும். இந்த மிச்சம் ஒரு சின்ன ஓஸ் வழியாகத் திரும்ப டேங்குக்கே வரும். அதுதான் ரிட்டர்ன் லைன். எவ்வளவு திரும்பும் என்பது பம்பின் வகையைப் பொறுத்தது. சில வகைகளில் எரிவதைவிடத் திரும்புவதே அதிகம்.

ஒரே டேங்க் இருக்கும் வண்டியில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. எங்கள் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். காக்கில் மூன்றே வாய். இரண்டு டேங்கிலிருந்து வரும் இரண்டு, இன்ஜினுக்குப் போகும் ஒன்று. ரிட்டர்ன் ஓஸ் அந்தக் காக்குக்கு வரவே இல்லை. கம்பெனி போட்டபடி நேராக முன் டேங்குக்குப் போனது! பின் டேங்கைத் திறந்து ஓட்டினாலும் மிச்ச டீசல் முன் டேங்குக்குத்தான் போகும். பின் டேங்க் சீக்கிரம் தீரும், முன் டேங்க் தானாக நிரம்பும்.

சந்தேகம் தீர, மெக்கானிக் அண்ணன் ஒருவர் உதவியோடு ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டோம். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். சேர்ந்தது 290 மில்லி. மணிக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் என்று சொல்லலாம். மலை ரோட்டில் சராசரி 30 கி.மீ. வேகம். 190 கி.மீ. ஓட ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெருக்கிப் பாருங்கள்: 11 லிட்டர்!

முன் டேங்க் நிறைய இருக்கும்போது பின் டேங்கில் ஓட்டினால் என்ன ஆகும்? மூடி வழியாகப் பொங்கி வழியும். எங்கள் வண்டியில் சில நாள் சீட்டுக்கடியில் டீசல் நாற்றம் அடித்ததன் காரணமும் இதுதான். பெட்ரோல் வண்டியானால் தீ விபத்தே நேரலாம். பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தொல்லை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1993-ல் ஃபோர்டு நிறுவனம், ஒரு டேங்கின் எரிபொருள் இன்னொரு டேங்குக்குத் திரும்பி வழியக்கூடும் என்பதற்காக, இரண்டு டேங்க் கொண்ட எஃப் வரிசை வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது.

தீர்வு

ஆறு வாய் உள்ள காக் போட வேண்டும். மூன்று வாய் டீசல் போக, மூன்று வாய் டீசல் திரும்ப. ஒரே கைப்பிடியில் இரண்டும் சேர்ந்து மாறும். எங்கள் ஜீப்புக்கு அதைத்தான் போட்டோம். இப்போது இரண்டு டேங்கும் பத்துக்குப் பத்து கொடுக்கின்றன. ராசியான டேங்கின் ராசி போய்விட்டது!

இரண்டு டேங்க் வண்டி உங்கள் வீட்டிலோ தெரிந்தவரிடமோ இருந்தால்:

1. ஒரு டேங்கின் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.
2. சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே குறி வரை நிரப்புங்கள்.
3. ரிட்டர்ன் ஓஸ் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.
4. கூடுதல் டேங்க் வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

பாட்டிலையும் நோட்டையும் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் பார்த்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பிடித்த பணம் சம்பளத்தோடு திரும்பி வந்தது. அன்று ராத்திரி அப்பா, "அந்த ரிட்டர்ன் லைன இன்னொருக்கா சொல்லு" என்று கேட்டார். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் படித்த ஏடும் அப்பா எழுதிய நோட்டும் ஒன்று சேர்ந்தபோது உதவியது. அப்பா கணக்கு எழுதி வைக்காமல் இருந்திருந்தால் என் படிப்பால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நம்மில் பலரும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். வீட்டுக்குப் போனால் அவர்கள் சொல்வதையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள் நண்பர்களே.