இடுப்பளவு மரம்

தேயிலை உண்மையில் ஒரு மரம். தொடாமல் விட்டால் முப்பது அடிக்கும் மேலே போகும். இலங்கையின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளில் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பவை வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளும் விரல்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிவிட இறங்கும் கவ்வாத்துக் கத்தியும்தான்.

கீழ்நாட்டுத் தோட்டங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்துவிடும் கவ்வாத்து, செடி மெதுவாக வளரும் குளிர்ந்த மேல்மலையில் நான்கைந்து ஆண்டு வரை தள்ளிப்போகும். கவ்வாத்து வெட்டிய மலையை முதன்முறை பார்ப்பவர் தீப்பிடித்து அணைந்த காடு என்றே நினைப்பார். பேருக்கு ஓர் இலை இல்லாமல் நிற்கும் கட்டை மறுபடி துளிர்ப்பது, வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு. அந்தச் சேமிப்பு போதுமா என்பது மேலிருந்து தெரியாது. பச்சைப்பசேலென்று நிற்கும் செடியின் வேரும் வெறுமையாக இருக்கலாம். அதனால் வேர்த்துண்டு ஒன்றை நறுக்கி அயோடினில் நனைத்துப் பார்க்கிறார்கள். கருநீலம் ஏறினால் வெட்டலாம். வெளிறிக் கிடந்தால் கொழுந்து எடுப்பதைச் சில வாரம் நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. மட்டமாக வெட்டினால் நீர் தங்கி, பூஞ்சணம் பிடித்து, கட்டை உள்ளுக்குள் உளுத்துவிடும்.

இப்படி வெட்டி வெட்டியே தேயிலை நூறு வயதைத் தாண்டுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியபோதும், அதற்குப் பின் பல பத்தாண்டுகளும், நட்டதெல்லாம் விதைத்தேயிலை. அதற்கு ஆணிவேர் உண்டு, வறட்சியைத் தாங்கும். பின்னால் வந்த வீ.பி. தேயிலை, கிளையிலிருந்து நறுக்கிய துண்டை வேர்விட வைத்து வளர்ப்பது. விளைச்சலில் கிழட்டுச் செடியை அது எளிதாக மிஞ்சும், ஆணிவேர்தான் கிடையாது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மண்ணில் உடனே புதுக்கன்று வைப்பதும் முறையல்ல. ஒன்றரை இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே நடுவார்கள்.

நேர்மைக்குச் சோதனை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசின் இரு பக்கத்திலும் நடக்கிறது. நல்ல தேயிலைக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கூலியோ நிறையைப் பார்த்து. முற்றிய இலை கனம் கூட்டும். கூடைக்குள் அதை யாரும் உடனே பார்ப்பதில்லை. மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்த்துப் பறிப்பதும், முற்றியதைக் கிள்ளி எறிவதும் பறிப்பவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டவை. தொழிற்சாலை கொழுந்தை அளைந்து பார்த்துத் தரம் சொல்வது பிறகுதான். மறுபக்கம், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறையில் கழிப்பார்கள். மழை நாளில் அதற்கு நியாயம் உண்டு. நல்ல வெயிலிலும் அதே கழிவு என்பது மலையகத்தின் நெடுநாள் முறைப்பாடு. சொன்ன கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தால் நாள் முழுக்க நின்ற உழைப்பு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி, ஆகிவிடும் என்பதால், முள் காட்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் வீட்டில் ஒரு கணக்கு காத்திருக்கிறது.

சாமிகளும் வேலையை ஒட்டியே குடியேறியிருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து கூட வந்த மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் போதாதென்று, தொழிற்சாலையில் சுழலும் ரோதைக்குக் காவலாக ரோதமுனி என்றொரு தெய்வமே பிறந்தது. அவருக்குக் கோபுரம் தேவைப்படவில்லை. சுழலும் இயந்திரத்தில் கையை இழக்கக்கூடிய இடத்தில் வேலை செய்தவர்கள் வேறு யாரை நம்புவது? மலைகளிலும் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் இருந்தால் போதும், முதல் கத்தி விழுமுன் அங்கே கற்பூரம் எரியும்.

மனிதரின் முதுமைக்கு அயோடின் சோதனை கிடையாது. சரிவில் கூடை சுமந்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்தவருக்கு முடிவில் கிடைப்பது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியும், அதோடு பணிக்கொடையும். மாதாமாதம் வரும் பென்ஷன் அல்ல, ஒரே தடவையில் கைக்கு வந்து, பெரும்பாலும் பிள்ளையின் கல்யாணத்திலோ வீட்டுக் கூரையிலோ கரைந்துபோகும் தொகை. குடியிருக்கும் லயக் காம்பிராவும் தோட்ட வேலையோடு பிணைந்தது. வீட்டில் இன்னொருவர் பேர் பதிந்திருந்தால் முதியவருக்கு நிம்மதி. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பாகிறது. உடம்பில் கொஞ்சம் தெம்பிருப்பவர்கள், கொழுந்து பெருகும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள்.