புள்ளி வைக்காத பிரதி

செய்முறைக் கையேட்டைப் பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. கவிதை, நாவல், போனாப் போகுதென்று விளம்பரம்: நமது விமர்சனம் இதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் காய்ஃபல் அண்ட் எஸ்ஸர் கம்பெனி தன் ஸ்லைடு ரூல்களுக்காக வெளியிட்ட பழைய கையேடுகளைப் புரட்டியபோது, விடையில் ஒரு பகுதியைத் தெரிந்தே வாசகனிடம் விட்டுவிடுகிற எழுத்துமுறை ஒன்றை அவற்றில் பார்த்தேன்.

முதலில் கருவி. ஒரு சட்டம், அதன் நடுவே நகரும் இன்னொரு சட்டம், மேலே மயிரிழைக் கோடு போட்ட கண்ணாடி. எண்கள் சம இடைவெளியில் இருக்காது, மடக்கைப்படி இருக்கும். 25 சென்டிமீட்டர் கோலில் 1க்கும் 2க்கும் நடுவே ஏழரை சென்டிமீட்டர். 9க்கும் 10க்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் சொச்சம். நீளத்தோடு நீளத்தைக் கூட்டினால் எண்ணோடு எண் பெருகும், அவ்வளவுதான் சூட்சுமம். அசையாத சட்டத்தின் 2க்கு நேரே நகரும் சட்டத்தின் 1ஐ வையுங்கள். அதன் 3க்கு நேரே 6 இருக்கும். சரி, அந்த 6 ஆறுதானா? 20ஐ 30ஆல் பெருக்கினாலும் 0.2ஐ 0.3ஆல் பெருக்கினாலும் கண்ணாடி அதே கோட்டில்தான் நிற்கும். 600ஆ, 0.06ஆ? கருவி வாயைத் திறக்காது.

கையேடும் திறக்காது. அன்னபோலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தின் கணிதப் பேராசிரியர்கள் கெல்ஸ், கெர்ன், பிளாண்ட் மூவரும் இந்தக் கம்பெனிக்கு எழுதிய கையேடுகளில் வழி இதுதான்: பெருக்கும்போது தசமப் புள்ளியை மறந்துவிட வேண்டும், பிறகு தோராயமாக ஒரு மனக்கணக்குப் போட்டுப் புள்ளியை வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, நீயே பாத்துக்கோ. வாசக இடைவெளி என்று நாம் பக்கம் பக்கமாக எழுதினோமே, அது இங்கே அச்சாக இருக்கிறது. ஆனால் இடைவெளியை இஷ்டத்துக்கு நிரப்பலாம் என்று ஆடித் தீர்த்தவர்களுக்கு இந்தப் பிரதி உதவாது. பாலத்தின் உத்திரத்துக்குக் கணக்குப் போடுகிறவன் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தால் பிழை பத்து மடங்கு. அவன் வாசிப்புக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கருவி யாருக்கு என்பதும் பழைய சண்டை. 1630இல் ரிச்சர்ட் டெலமெய்ன் வட்டவடிவக் கருவி ஒன்றை விளக்கி ஆங்கிலத்தில் நூல் போட்டார். 1632இல் வில்லியம் ஆட்ரெடின் நூல், அவர் மாணவர் வில்லியம் ஃபாஸ்டர் லத்தீனிலிருந்து பெயர்த்தது, வெளியானது. கண்டுபிடித்தது யார் என்று அடித்துக்கொண்டார்கள். அதில் எனக்கு அக்கறையில்லை. தத்துவம் அறியாதவன் கையில் கருவியைக் கொடுத்தால் அவன் வெறும் வித்தைக்காரன் ஆவான் என்பது ஆட்ரெட் கட்சி. கடினமான கணிதத்தில் நுழைய முடியாதவர்களுக்கும் கருவி வேண்டும் என்பது டெலமெய்ன் கட்சி. இருபதாம் நூற்றாண்டுக் கையேடுகள் பலவும் வெளிப்பார்வைக்கு டெலமெய்ன் பக்கம்: முதலில் நகர்த்தச் சொல்வார்கள், மடக்கை விளக்கம் பின்னால் வரும். தசமப் புள்ளி வரும்போதோ ஆட்ரெட் கொல்லைவழியாக நுழைந்துவிடுகிறார். விடை எவ்வளவு பெரிசு என்று முன்பே ஊகிக்கத் தெரியாதவனுக்கு இந்தக் கருவி எதையும் தராது.

1972இல் 395 டாலருக்கு ஹெச்பி-35 வந்தது. 1976இல் காய்ஃபல் அண்ட் எஸ்ஸர் ஸ்லைடு ரூல் செய்வதை நிறுத்தியது. புதிய பெட்டி பத்து இலக்கம் காட்டியது, புள்ளியோடு. அதை எங்கே வைப்பது என்று அதன் கையேடு வாசகனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.