போர்ட்டிகோ முதல் லாபி வரை

கட்டடத்தின் வாசற்பகுதிக்கு ஆங்கிலத்தில் பல பெயர்கள் உண்டு. கதவுக்கு வெளியே கூரை வேய்ந்த சிறு இடம் போர்ச். அந்தக் கூரையை வரிசைத் தூண்கள் தாங்கினால் போர்ட்டிகோ. ரோம் நகரின் பாந்தியன் கட்டடத்து போர்ட்டிகோவில் 16 பெருந்தூண்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் வீட்டு முன் கார் நிறுத்தும் இடமும் போர்ட்டிகோதான். அங்கே இரண்டு தூண் இருந்தாலே அதிகம்.

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடைப்பட்ட சிற்றறை வெஸ்டிபியூல். குளிர் நாடுகளில் ஒரு கதவைச் சாத்திய பிறகே மற்றதைத் திறப்பார்கள். குளிர்காற்று வீட்டுக்குள் நேராகப் புகாது. ரயில் பெட்டிகளை இணைக்கும் மூடிய நடைவழிக்கும் இதே பெயர். இரு பெட்டிகளை ஒட்டவைத்த சென்னைப் பேருந்து 'வெஸ்டிபியூல் பஸ்' ஆனதும் அதே பொருளில்தான்.

ஃபாயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கணப்படுப்பு என்று பொருள். நாடக அரங்குகளில் இடைவேளையின்போது பார்வையாளர்கள் கூடி நின்ற கூடத்துக்கு அது பெயரானது. இன்று வீட்டு நுழைகூடத்தையும் குறிக்கிறது.

லாபி பொதுக் கட்டடங்களுக்கு உரியது. ஓட்டல், அலுவலகம் போன்றவற்றில் வருவோர் காத்திருக்கும் கூடம் இது. ஓட்டல்களில் ஃபாயர், லாபி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதும் உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மைய லாபியில் பொதுமக்கள் தம் உறுப்பினரைச் சந்தித்துக் கோரிக்கை வைக்கலாம். ஆதரவு திரட்டுவதை 'லாபி செய்வது' என்பது இத்தகைய கூடங்களில் பிறந்த வழக்கு. அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் வாக்களிப்பதும் லாபிக்குள் நடந்து சென்றுதான்: ஆதரிப்போருக்கு ஒன்று, எதிர்ப்போருக்கு மற்றொன்று.